அப்பலாச்சியன் தடத்தில் தனியாளாக ஹேமக் கட்டித் தூங்க

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அப்பலாச்சியன் தடம் சுமார் 3,500 கி.மீ. நீளம். வழியெல்லாம் பெரும்பாலும் காடுதான். கூடாரம் போட முடியாத சரிவிலும், வேரும் கல்லுமான தரையிலும் நல்ல மரம் இரண்டு இருந்தால், அவற்றுக்கிடையே கட்டும் துணித் தூளியான ஹேமக்கில் அருமையாகத் தூங்கலாம். ஹேமக்கைப் பாதியில் கைவிடுகிறவர்கள் சொல்லும் காரணம் இரண்டு: முதுகுவலி, குளிர். இரண்டையும் கட்டும் முறையிலேயே சரிசெய்துவிடலாம்.

பையை இறக்குமுன் அண்ணாந்து பாருங்கள். இத்தடத்தின் தெற்குப் பகுதியில் அசுவினி போன்ற ஒருவகைச் சிறுபூச்சி தாக்கிச் செத்த ஹெம்லாக் மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. ஆஷ் மரங்களைத் துளைப்பான் வண்டு கொன்றிருக்கிறது. பட்டை உரிந்த மரமும் தலைக்கு மேலே காய்ந்த கிளையும் இருந்தால் அந்த இடமே வேண்டாம். தனியாகப் போகிறவருக்கு அடிபட்டால் ஓடிவர ஆளில்லை. அடிமரம் உயிரோடு, 15 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மரங்களுக்கிடையே சாதாரண நடையில் ஆறு எட்டு, அதாவது 4.5 மீ. இருந்தால் கச்சிதம்.

இனி கோணம். ஹேமக்கை மரத்தோடு பிணைக்கும் நாடாப் பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருக்க வேண்டும். 80 கிலோ ஆள் படுத்தால் அந்தக் கோணத்தில் ஒவ்வொரு பட்டையும் 80 கிலோ இழுவையைத் தாங்கும். தொய்வு கூடாது என்று 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் அதே ஆளுக்கு 230 கிலோ. துணி இரு பக்கமும் தோளை நெருக்கும், முடிச்சு இறுகும், மரப்பட்டையும் நசுங்கும். துணியின் இரு முனைகளையும் நிலையான நீளத்தில் இணைக்கும் நடுக்கயிறு இதற்கு நல்ல அளவுகோல். துணி நீளத்தில் 83 விழுக்காடு, அதாவது 3.35 மீ. துணிக்கு 2.78 மீ. வைத்தால் தொய்வு தினமும் ஒன்றுபோல அமையும். படுத்தபின் அந்தக் கயிற்றை இரு விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள்: கொஞ்சம் வளைந்தால் சரி, வீணைத் தந்திபோல விறைத்திருந்தால் பட்டையைத் தளர்த்துங்கள்.

4.5 மீ. இடைவெளிக்குப் பட்டையை மரத்தில் சுமார் 1.8 மீ. உயரத்தில் சுற்றினால் உட்காரும் இடம் நாற்காலி உயரத்தில் வரும். இடைவெளி ஒரு மீட்டர் கூடினால் உயரத்தை 29 செ.மீ. கூட்டுங்கள். பட்டை 2.5 செ.மீ. அகலத்துக்குக் குறையாத பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் பட்டை பாரத்தில் நீண்டுகொண்டே போகும், நள்ளிரவில் முதுகு தரையைத் தொடும்.

தூளியில் போட்ட குழந்தை வளைந்து கிடந்தே சுகமாகத் தூங்கும். வளர்ந்தவர்கள் முதுகு அதற்கு ஒப்பாது. தலையை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் கோணலாகப் படுத்தால் முதுகு ஏறக்குறைய மட்டமாகிவிடும். முழங்கால் பின்னால் வளைவதுபோல் வலித்தால் மடித்த ஸ்வெட்டரை அதன் கீழே செருகுங்கள்.

குளிர் கீழிருந்துதான் வரும். உறங்குபையின் இறகுகள் உங்கள் எடையில் நசுங்கினால் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. அடியில் வெட்டவெளிக் காற்று வேறு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் துணிக்கு வெளியே, நசுங்காமல் தொங்கும் அண்டர்குவில்ட் (அடிப்போர்வை) வேண்டும். மார்ச்சில் ஜார்ஜியாவில் கிளம்புகிறவர்களுக்கு ஸ்மோக்கி மலைகளில் பனி விழும். -7 பாகை செல்சியஸுக்கு உரியதை எடுங்கள். அதை மாட்டுவதில்தான் தவறு நடக்கிறது. படுத்த நிலையிலேயே கையை வெளியே விட்டு, இடுப்புக்கடியில் துணிக்கும் குவில்ட்டுக்கும் நடுவே விரல்களை நுழையுங்கள். விரல் தாராளமாக அசைந்தால் அங்கே குளிர்காற்று புகும்; எலாஸ்டிக்கை இறுக்குங்கள். குவில்ட் தட்டையாகிவிட்டால் இறுக்கம் கூடிவிட்டது. தோள்பக்கம் சரிந்திறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

கூடவே மெல்லிய ஃபோம் பாய் ஒன்றும் இருக்கட்டும். ஸ்மோக்கி தேசியப் பூங்காவின் தங்குகுடில்களுக்குள் ஹேமக் கட்ட அனுமதி இல்லை, பலகையில்தான் படுக்க வேண்டும்.

மழையில் முதலில் தார்ப்பாய், அப்புறம்தான் மற்றதெல்லாம். 3.35 மீ. நீளத் தார்ப்பாய் போதும். துணியின் இரு முனையிலும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். சில்நைலான் (சிலிக்கோன் பூசிய நைலான்) என்றால் நனைந்ததும் தொய்யும், படுக்குமுன் ஒருமுறை இழுத்துவிடுங்கள். மரத்தில் வழியும் நீர் பட்டை வழியாகவே உங்களை நோக்கி வரும். தார்ப்பாய்க்குள் வரும் இடத்தில் பட்டையில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அதன் நுனியில் திரண்டு சொட்டுச்சொட்டாகத் தரையில் விழும்.

சாப்பாட்டை ஹேமக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். இது கரடிக் காடு.

நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் மர எல்லைக்கு மேலே கட்ட மரமே கிடையாது. மரம் 2.4 மீட்டருக்குக் குட்டையாகிவிட்ட பகுதியில் வெயில்காலத்தில் முகாமிடவும் கூடாது. அந்த நாட்களில் அடுத்த காட்டுக்குள் எப்போது இறங்குவோம் என்று காலையிலேயே வரைபடத்தில் கணக்குப் போட்டுவிட்டு நடையைத் தொடங்குங்கள்.