கொக்காவிலில் தெரிந்த வெளிச்சம்

தை மாதத்து விடியலொன்றில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் போகையில், புகாருக்குள் மங்கலாகத் தெரிந்த வெளிச்சத்தை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி என்று நம்பிக் கச்சான் வாங்க இறங்கினேன், நின்றதோ அதற்கு முன்னாலேயே வரும் கொக்காவிலில். வண்டியிலும் கண்ணிலும் பழுதில்லை, எங்கே நிற்கிறேன் என்ற கணக்குத்தான் பிழைத்தது. வன்னி சமதரை என்பதால் அந்தப் பிழை சிரிப்போடு போயிற்று. மேகத்துக்குள் மலையிருப்பது தெரியாமல் பறக்கும் விமானிக்கு இதே பிழை உயிரையே பறித்துவிடும்.

1974 டிசம்பர் 4 அன்று, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்த டிசி-8 விமானம், விமான நிலையத்தை உண்மையிலும் அதிகமாக நெருங்கிவிட்டதாக எண்ணித் தாழ்ந்து, மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதியதில் 191 பேரும் மாண்டனர்.

பெரிய விமானத்தில் ஒருவர் தவறினால் மற்றவர் எச்சரிக்கலாம். சிறிய விமானத்திலோ பெரும்பாலும் ஒரே விமானி. தரையைக் கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே பழகியவர், மேகம் தாழத் தாழத் தானும் தாழ்ந்து, பள்ளத்தாக்குக்குள் புகுந்து, திரும்ப அகலமும் ஏற வலுவும் இல்லாத இடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார். துணிந்து மேகத்துக்குள் நுழைந்தாலும் தப்பில்லை: 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிலாத 20 பேருக்கு வெளிக்காட்சியை மறைத்துச் சோதித்தபோது, சராசரியாக 178 வினாடிகளில் விமானம் அவர்கள் கையை மீறியது.

வளியமுக்கத்தை அளந்து உயரத்தைக் காட்டும் உயரமானியும் ஏமாற்றும். வளியமுக்கம் குறைந்த பகுதிக்குள் போன பின்னரும் அதில் பழைய அமுக்க அளவையே வைத்திருந்தால், குறையும் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் (அமுக்கத்தின் அலகு) ஏறத்தாழ 30 அடி வீதம் அது கூட்டிக் காட்டும்.

டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய தரை எச்சரிக்கைக் கருவி பெரிய விமானங்களில் இத்தகைய மோதல்களை வெகுவாகக் குறைத்தது. தொடக்கத்தில் அது கீழே மட்டுமே பார்த்தது, எதிரே செங்குத்தாக எழும் மலையைச் சொல்லப் பிந்திவிடும்; பின்னர் வந்தவை நிலவரைபடத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே கூவுகின்றன. சிறிய விமானங்கள் பலவற்றில் அதுவும் இராது. என்னைக் கேட்டால், கருவியை விட முக்கியம், எந்த உயரத்துக்கு மேகம் இறங்கினால் திரும்புவது என்பதைத் தரையிலேயே முடிவுசெய்து எழுதிவைப்பது. வானில் ஏறியபின் மனம் பேரம் பேசத் தொடங்கிவிடும்.

விமானச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடிய ஊர்க்காரன் இதை எழுதுவது விந்தைதான். ஆயினும் வவுனியாவிலிருந்து ஒருவர் மலைநாட்டின் மேலாகத் தெற்கே பறப்பதானால், இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் 8281 அடியோடு, மலைப்பகுதியில் மேலே விடவேண்டிய 2000 அடி இடைவெளியைக் கூட்டி, 10,300 அடி என்று குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே மேகம் நின்றால் கரையோரமாகச் சுற்றிப் போகலாம், எரிபொருள்தான் கொஞ்சம் கூடச் செல்லும்.