தகர டப்பா ரேடியோ டெலஸ்கோப்: ஹைட்ரஜன் கோடு கெடச்சாச்சு

ஒரு வழியா நான் தகர டப்பாவுல செஞ்ச ரேடியோ டெலஸ்கோப்போட கிராஃப்ல, 1420.4 மெகாஹெர்ட்ஸ்ல ஹைட்ரஜன் கோடு ஒரு மேடா வந்துடுச்சுங்க. 21 செ.மீ. அலை, ஹைட்ரஜன் அணுவோடது. இது எந்த நட்சத்திரத்தோட வெளிச்சமும் இல்ல, நட்சத்திரத்துக்கு நடுவுல காலியா கெடக்குன்னு நாம நெனைக்கற எடத்துல இருக்கற வாயு, அதுதான் எனக்கு இதுல பெரிய விஷயம்.

செட்டப் சொல்றேன். 15.5 செ.மீ. விட்டத்துல ஒரு தகர டப்பா, உள்ள 5 செ.மீ.க்கு கொஞ்சம் மேல ஒரு செம்புக் கம்பி (கால் அலை நீளம்), டப்பா வாயில இருந்து 70 செ.மீ. வரைக்கும் விரியற தகரப் புனல். புனல தர்மபுரி டவுன்ல ஒரு பட்டறை அண்ணன்கிட்ட குடுத்தேன், "மடிப்பு சும்மா நின்னா போதுமா தம்பி, இல்ல தண்ணி ஒழுகாம வேணுமா"ன்னாரு, ஒழுகாமயே வேணும்ணேன்னு சொன்னேன், சந்து இருந்தா அலையும் ஒழுகும். கம்பிய ஒட்டியே எல்.என்.ஏ (இரைச்சல அதிகம் சேக்காம சிக்னல பெருக்கற கருவி) ஃபில்டரோட வச்சுட்டேன், ஏன்னா சிக்னல பெருக்கறதுக்கு முன்னாடி கேபிள்ல தொலைச்சா அப்புறம் எத மாட்டினாலும் திரும்ப வராது. அதுக்கு அப்புறம் ஆர்.டி.எல் எஸ்.டி.ஆர் டாங்கிள் (யு.எஸ்.பில மாட்டற ரேடியோ ரிசீவர்), லேப்டாப், அவ்ளோதான். 1951 மார்ச் 25ல ஹார்வர்டுல யூவனும் பர்செலும் மொதல்ல இத புடிச்சதும் ப்ளைவுட்ல செம்புத் தகடு ஒட்டின புனல்லதான்.

வீட்டு மாடியில எல்.இ.டி லைட், இன்வெர்டர்னு ஒரே இரைச்சல், அதனால வத்தல்மலைக்கு கொண்டு போயிட்டேன், அங்க ரேடியோ இரைச்சல் அவ்ளோ கம்மியா இருந்துச்சு. சிக்னஸ் (அன்னம் நட்சத்திரக் கூட்டம்) தலைக்கு மேல கொஞ்சம் வடக்கால இருக்கும்போது புனல திருப்பி, சில நிமிஷத்துக்கு ஆவரேஜ் போட்டு, கம்பிக்கு பதிலா 50 ஓம் லோடு (வெறும் ரெசிஸ்டர்) மாட்டி எடுத்த அளவால வகுத்தா மேடு தெளிவா நிக்குது. மேகம் இருந்துச்சு, ஆனா 21 செ.மீ.க்கு மேகம் ஒரு பொருட்டே இல்ல. மேட்டுக்கு பக்கத்துலயே அதிக அதிர்வெண் பக்கமா இன்னொரு குட்டி மேடு, பூமி சூரியன சுத்தற வேகத்த கழிச்சுப் பார்த்தா விநாடிக்கு 40 கி.மீ. பக்கம் நம்மள நோக்கி வர்ற வாயு, அது பால்வீதியோட சுருள் கைகள்ல ஒண்ணான பெர்சியஸ் கை. ஒரு அணு தானா இந்த அலைய விட சராசரியா ஒரு கோடி வருஷத்துக்கு மேல ஆகும், அப்படியும் என் டப்பாவுக்கு கேக்குதுன்னா அங்க எவ்ளோ அணு இருக்கணும்!

ராத்திரி மலை மேல இருந்து கீழ பார்த்தா லைட் எரியற எடம் மட்டும்தான் ஊருன்னு தோணும், ஆனா இருட்டுல இருக்கற நெலம்தான் அதிகம், பிரபஞ்சமும் அப்படித்தான். அணுவால ஆன சாதாரண பொருள் பிரபஞ்சத்தோட மொத்த ஆற்றல் கணக்குல 5 சதவீதம்தான், அதுலயும் நட்சத்திரமா இருக்கறது பத்துல ஒரு பங்கு கூட இல்ல. பெரும்பாலானது கேலக்ஸிகளுக்கு வெளியில, ரொம்ப மெல்லிசான வாயுவா, நெறைய எடத்துல லட்சக்கணக்கான டிகிரி சூட்டுல கெடக்கு. வெளிச்சம் கம்மியா விடறதால ரொம்ப நாளா கணக்குல வராமயே இருந்துச்சு, 2020ல வேகமான ரேடியோ வெடிப்புகளோட (தூரத்து கேலக்ஸிகள்ல இருந்து கண நேரம் மட்டும் வர்ற ரேடியோ அலை) துடிப்பு வழியில இந்த வாயுவால எவ்ளோ தாமதமாகுதுன்னு அளந்துதான் அந்த பாக்கிய எண்ணினாங்க.

கதிர்வீச்சு கதை வேற. அதுவும் நட்சத்திரத்துகிட்டதான் குவிஞ்சு கெடக்கும்னு நெனைப்போம், ஆனா பிரபஞ்சத்துல இருக்கற ஃபோட்டான்ல பெரும்பகுதி பெருவெடிப்போட மிச்சமான 2.725 கெல்வின் பின்னணிக் கதிர்தான், ஒவ்வொரு கன செ.மீ.லயும் சுமார் 411, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி, என் டப்பாக்குள்ளயும் சேத்துதான். ஒரு புரோட்டான் இல்ல நியூட்ரானுக்கு சுமார் 160 கோடி ஃபோட்டான்னு வருது, ஆனாலும் மொத்த ஆற்றல்ல அது ஒரு சதவீதத்துல நூத்துல ஒரு பங்கு கூட தேறாது, பிரபஞ்சம் விரிய விரிய ஒவ்வொரு ஃபோட்டானும் நீண்டு சக்தி இழந்துடுச்சு. பெருவெடிப்புக்கு அப்புறம் மொதல் 50,000 வருஷம் வாக்குல கதிர்வீச்சுதான் மேல் கை.

அடுத்து கரும்பொருள் (டார்க் மேட்டர், ஒளி விடாம ஈர்ப்பால மட்டும் தெரியற பொருள்). தனுசுல இருந்து சிக்னஸ் வரைக்கும் பால்வீதிய படிப்படியா அளந்தா உள்பக்க வாயு எவ்ளோ வேகத்துல சுத்துதுன்னு வரைய முடியும், கண்ணுக்குத் தெரியற பொருள் மட்டும் இருந்தா வெளிய போகப் போக அந்த வேகம் குறையணும், குறையாது, கரும்பொருளோட ஈர்ப்பு அங்கதான் தெரியும். ஆனா இந்தப் புனலுக்கு பார்வை 20 டிகிரி அகலம், இதுக்கு பத்தாது. கேபிள் டிவிக்காரர் ஒருத்தர் வேண்டாம்னு போட்ட 8 அடி வலை டிஷ் கெடச்சிருக்கு, அதுல 6 டிகிரி வரும். புனல கழட்டிட்டு அதே டப்பாவ ஃபோகஸ்ல மாட்டிடலாம், தாங்கற கம்பிக்குத்தான் இப்ப அளவு எடுத்துட்டு இருக்கேன்.