கோட்டுக்குக் கீழே 60 டிகிரி

பத்தாம் வகுப்புக் கணக்கில் 'கடைசி ரெண்டு கேள்வி' என்றால் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் புரிந்துவிடும். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். நாங்கள் எழுதியபோது தலா 10 மதிப்பெண், இப்போது தலா 8. 35 எடுத்தால் பாஸ் என்கிற பரீட்சையில் 16 இங்கேயே கிடக்கிறது. அதனால் கணக்கே வராதவனையும் பிடித்து உட்காரவைத்து வரையச் சொல்வார்கள். உதவிப்படம், அளவோடு படம், அப்புறம் வரைமுறை. வில்லை மட்டும் அழித்துவிடக் கூடாது. காம்பஸில் கட்டைப் பென்சில் ஆடினால் காகிதத்தை மடித்துச் செருகிக்கொள்வோம்.

அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 60°, நடுக்கோடு (உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு) 5 செ.மீ. என்று முக்கோணம் வரையச் சொல்வார்களே, அது எனக்கு மனப்பாடம். அடிப்பக்கத்தின் இடது முனையில், கோட்டுக்குக் கீழே 60° போடு. அந்தக் கோட்டுக்கு அதே முனையில் செங்குத்து. அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, அதாவது அதன் நடுவில் செங்குத்து. ரெண்டும் வெட்டுகிற இடம் மையம், வட்டம் போடு. அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து 5 செ.மீ. வில் வெட்டு. முடிந்தது.

சரி, உச்சியில் வர வேண்டிய கோணத்தை ஏன் அடியில், அதுவும் கீழே போடுகிறோம்? வகுப்பில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. பதில் அதே வடிவியல் பாடத்தில்தான் இருக்கிறது. கீழே இழுக்கும் அந்தக் கோடு, இன்னும் வரையாத வட்டத்தின் தொடுகோடு. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் (இங்கே அடிப்பக்கம்) இடையே எவ்வளவு கோணமோ, எதிர்ப்பக்க வில்லிலும் அதே கோணம். ஆக, மேல்வில்லில் எங்கே உச்சியை வைத்தாலும் 60°தான். எந்த இடம் என்று சொல்வது மட்டும்தான் நடுக்கோட்டின் வேலை. தேற்றத்தை ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கமும், படத்தை எட்டு மதிப்பெண்ணுக்கு இன்னொரு பக்கமுமாகப் பிரித்துவைத்துச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒன்று, கை பழகியிராவிட்டால் இந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்காது.

அக்கா பையன் இந்த வருஷம் பத்தாவது. வட்டம் போட்டதும் நடுக்கோட்டை விடச் சொல்லி, மேல்வில்லில் இஷ்டத்துக்குப் புள்ளி வைத்துக் கோணமானியால் அளக்கச் சொன்னேன். 60, 59, 61, மறுபடி 60. பிறகு அவனாகவே கீழ்வில்லில் ஒரு புள்ளி வைத்தான். "மாமா, இங்க 120 வருது." ஒன்பதாவதில் வட்ட நாற்கரம் படிச்சியே, எதிர்க்கோணம் ரெண்டும் சேர்ந்தா 180னு, அந்தப் புத்தகம் எங்கே என்றேன். பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்றாம்.