எம்டி-40-இல் ஸ்லெங் டெங்: நான்காவது மாதம்

கடைசியில் காசியோ கம்பெனியின் எம்டி-40 கீபோர்டு கிடைத்துவிட்டது. சைதாமாவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டு நிஷிகசாய்க்குத் திரும்பும் வழியில் ஒரு ஹார்ட் ஆஃப் கடை கண்ணில் பட்டது, பத்து நிமிடம்தானே என்று உள்ளே போனேன். இந்தப் பழைய சாமான் கடைகளில் ‘ஜங்க்’ என்று ஒரு மூலை தனியாக இருக்கும். அங்கே இருப்பதெல்லாம் ஓடுமா ஓடாதா என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், வாங்கினால் வாங்கினதுதான். இரண்டு பிரிண்டர்களுக்கு நடுவில் செங்குத்தாகச் செருகியிருந்த ஒரு சின்ன கீபோர்டை இழுத்துப் பார்த்தால், 1981-இல் வந்த அதே எம்டி-40, காசியோவின் ‘காசியோடோன்’ வரிசைக் கீபோர்டு. விலை 3,300 யென். கை கொஞ்சம் நடுங்கியது, மிகைப்படுத்தவில்லை.

இத்தனூண்டு பெட்டிக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். 1985-இல் ஜமைக்காவில், கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த கிங் ஜாமியின் ஸ்டுடியோவில் வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ என்ற பாட்டின் அடித்தளம் முழுக்க இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு தாளத்திலிருந்து வந்தது. அதுவரை பெரும்பாலும் டிரம்மும் பேஸ் கிட்டாரும் வைத்து ஆட்கள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த ரெகே என்ற ஜமைக்கா இசை, அந்த ஒரு பாட்டுக்கு அப்புறம் மின்னணுப் பக்கம் மளமளவென்று சாய்ந்தது. பின்னணி இசையை ஜமைக்காவில் ‘ரிதிம்’ என்பார்கள், ஒரே ரிதிமின் மேல் எத்தனை பேர் வேண்டுமானாலும் பாடலாம். ஸ்லெங் டெங் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன.

அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். டோக்கியோவின் குனிதாச்சி இசைக் கல்லூரியில் படித்தவர், பட்டப்படிப்புக்கு எழுதிய கட்டுரையே ரெகே பற்றித்தான். 1980-இல் காசியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் பாப் மார்லி ஜப்பானுக்கு வந்து டோக்கியோவிலும் ஒசாகாவிலும் பாடிவிட்டுப் போயிருந்தார். எம்டி-40-இல் அந்தத் தாளத்துக்கு எழுதியிருக்கும் பெயர் ‘ராக்’, ரெகே இல்லை. ஆனால் ரெகேயிலேயே ஊறிக் கிடந்த ஒருவர் ராக் தாளம் எழுதும்போதும் பேஸ் எங்கே நடக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதில் அந்த ஊறல் இறங்காமல் இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லாவிட்டால் அவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் கேட்ட மாத்திரத்தில் இது நம்முடையது என்று எடுத்துக்கொண்டிருப்பார்களா?

சரி, வேலைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே பச்சை. பழைய பேட்டரி கசிந்து தகடுகளில் உப்புப் பூத்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன், ஈரத்துணியால் இன்னொரு முறை, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அடாப்டர் வாங்கும்போது இன்னொரு தவறு செய்தேன். வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன், செருகப் போகும் நேரத்தில்தான் கீபோர்டின் பின்னால் இருந்த சின்ன வட்டக் குறி தெரிந்தது. காசியோவின் பழைய கருவிகள் பலவற்றில் செருகியின் நடுமுனை மைனஸ், நான் வாங்கியது பிளஸ். மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. யாராவது பழைய கீபோர்டு வாங்கினால் முதலில் அந்தக் குறியைப் பாருங்கள்.

நாலு கட்டைகள் ஊமையாக இருந்தன. திருகுகளைக் கழற்றி, எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்று ஒரு தாளில் படம் போட்டு, அதன் மேலேயே குத்தி வைத்தேன். கட்டைகளுக்கு அடியில் இருந்த தொடுபரப்பை ஆல்கஹாலால் துடைத்ததும் மூன்று பேசிவிட்டன. ஒன்று இன்னும் பேசவில்லை, அது இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன்.

அந்த ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராக்கில் வைத்து, கட்டையைத் தொட்டதும் தாளத்தைத் தொடங்கிவைக்கும் சிங்க்ரோ பட்டனை அழுத்திவிட்டு, இடது பக்கத்துக் குட்டி பேஸ் கட்டைகளில் டி-யைத் தொட்டேன். வந்தது! ஆனால் ஓட்டமாக ஓடியது. டெம்போவைக் கீழே இறக்க இறக்க, ஒரு இடத்தில் சட்டென்று அது ஸ்லெங் டெங்காக மாறியது. ஜாமியும் வேகத்தைக் குறைத்துத்தான் பதிந்தார் என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்தக் குமிழைத் திருப்பி என் காதிலேயே அது நடந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய சில்லு, அதே பேஸ், அதே துள்ளல்.

பட்டனை அழுத்துவது யாரும் செய்யலாம். அதன் மேல் வலது கையால் ‘ஸ்காங்க்’ வாசிப்பதில்தான் இந்த நான்கு மாதமும் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்காங்க் என்பது ரெகேயில் கிட்டாரோ கீபோர்டோ இடைவெளிகளில் சுருக்கென்று வைக்கும் வெட்டு. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் தொடையில் தட்டித் தட்டிப் பழகிய கை, சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, வந்ததும் தானாக விழுந்துவிடுகிறது. ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்திலோ சமம்தான் காலி! ஒருநாள் வாயால் சொல்லிப் பார்த்தேன்: த-க-தி-மி. ‘த’வை மனசுக்குள் விழுங்கிவிட வேண்டும். ‘க’விலும் ‘மி’யிலும் ஸ்காங்க், ‘தி’யில் டிரம் விழ வேண்டும். பழக்கத்தில் த-க-தி-மி என்று முழுசாக விழுந்துவிடாமல் முதல் எழுத்தை வெறுமையாகவே விடுவதற்கு மட்டும் எனக்குப் பத்து நாள் ஆனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில் எங்கள் டீச்சர் சமத்தைத் தட்டிவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். அந்தக் காத்திருப்புதான் இங்கே முழு நேரமும். அன்றைக்குப் பிறகு கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது.

வாசிப்பைவிடப் பார்த்ததில் அதிகம் கற்றுக்கொண்டேன். யோகோஹாமாவில் ஒரு சின்ன இடத்தில் சவுண்ட் சிஸ்டம் இரவு என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி ரெகே ரெக்கார்டுகளைப் போடும் குழுவைத்தான் சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். யோகோஹாமாவுக்கு ரெகே புதிதில்லை, 1991-இல் அங்கே தொடங்கிய மைட்டி கிரவுன் என்ற சவுண்ட் சிஸ்டம், 1999-இல் நியூயார்க்கில் நடந்த வேர்ல்ட் கிளாஷ் என்ற சவுண்ட் சிஸ்டம் போட்டியில் ஜமைக்கா ஆட்களோடு மோதி ஜெயித்தது. ஆள் உயர ஸ்பீக்கர்களின் முன்னால் நின்றால் பேஸ் காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்சுக்கு வருகிறது, கையில் இருந்த தம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது. பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஒருவர், வேலை முடித்து அப்படியே வந்தவர் போல சட்டையை டக் செய்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அவர் முழங்கால் ஒவ்வொரு முறையும் சரியாக ‘தி’யில் மடங்கியது. ‘த’வில் அவர் உடம்பு அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாட வீடியோவும் எனக்கு அதைக் காட்டவில்லை.

போன மாதம் செய்ஜோவில் இருக்கும் காஷியோ தொஷியோ கண்டுபிடிப்பு நினைவகத்துக்கும் போய்வந்தேன். காசியோவைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவர் வாழ்ந்த வீடு, முன்பதிவு செய்துதான் போக வேண்டும். ஒடாக்யூ ரயிலில் இறங்கி, வேலிச் செடிகள் கத்தரித்த அமைதியான தெருக்களில் நடந்து போவதே நன்றாக இருந்தது. 1957-இல் செய்த மேசை அளவு கணக்குப்பொறி 14-ஏ அங்கே இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் போல. எனக்கு 1980-இல் வந்த முதல் காசியோடோன் 201-ஐப் பார்த்ததும் கால் நகரவில்லை. ஒகுடா வேலைக்குச் சேர்ந்த வருடமும் அதுதானே. கம்பெனி வாத்தியம் செய்ய ஆரம்பித்த முதல் வருடம், கல்லூரியிலிருந்து ரெகேயைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வருகிறார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

இன்றைய நிலைமை: ஸ்லெங் டெங் மேல் ஸ்காங்க் மூன்று நிமிடம் தடுமாறாமல் வருகிறது, நான்காவது நிமிடத்தில் கை இறுகிவிடுகிறது. அழுத்திய கட்டையை வேகமாக விடுவதில்தான் குறை, ஒலி நீண்டால் வெட்டு போய்விடுகிறது. அடுத்த வாரம் முழுக்க டெம்போவை இன்னும் இறக்கி, ‘க’வில் தொட்டதும் எடுப்பதை மட்டும் பழகப் போகிறேன். அது சரியாக வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கீழ்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கரில் ஒரு தடவை.