பெங்களூரில் வாங்கிய கேம்பர் டிரெய்லர், வேலூர் பதிவெண்: காகிதம் முதல் கப்ளர் வரை

காரின் பின்னால் இழுத்துப் போகும் இந்த வண்டி ஒற்றை அச்சு, மேலே மடித்துத் திறக்கும் கேன்வாஸ் கூடாரம். தயாரிப்பாளர் தந்த தாளில் வெற்று எடை 820 கிலோ, மொத்த எடை 1,200 கிலோ. மின்சார டிரம் பிரேக், 50 மி.மீ. பால் கப்ளர் (காரின் ஹிட்ச்சில் உள்ள உருண்டையைக் கவ்வும் பூட்டு), ஏழு பின் பிளக். வாங்கியது பெங்களூரில், ஓடப்போவது ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம். சோலார், ஃபிரிட்ஜ் என்று எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். ஆனால் ஆர்சியில் எந்த வகுப்பு ஏறுகிறது, எந்த எடை ஏறுகிறது என்ற இரண்டும்தான் பின்னால் வரும் ஒவ்வொரு வேலையையும் தீர்மானிக்கின்றன.

பணம் கட்டும் முன்

முதல் கேள்வி: இந்த மாடலுக்கு டைப் அப்ரூவல் (மாடலைச் சோதித்துத் தரும் ஒப்புதல்) இருக்கிறதா, அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் மாடல் பெயர் ஏறியிருக்கிறதா? புனே ஏஆர்ஏஐ, ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற சோதனை நிறுவனங்களின் சான்று இல்லாத டிரெய்லருக்கு ஃபார்ம் 22 (சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று) ஒழுங்காக வராது. அது இல்லாமல் பதிவு நகராது. "பட்டறையில் செய்து தருகிறோம், நம்பர் உங்க ஊர்ல பார்த்துக்குங்க" என்று யாராவது சொன்னால், வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தோட்டத்தில் நிறுத்தி வைக்கத்தான் ஆகும்.

இரண்டாவது, நிரந்தரப் பதிவை கர்நாடகத்தில் போட விடக்கூடாது. தற்காலிகப் பதிவு மட்டும் போதும். புது வண்டி தற்காலிகப் பதிவில் வந்து வேலூரில் நிரந்தரப் பதிவு ஆனால் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) என்ற பேச்சே கிடையாது. அங்கேயே நிரந்தர எண் வாங்கிவிட்டால் அங்கே வரி கட்டி, ஃபார்ம் 28 போட்டு என்ஓசி வாங்கி, இங்கே ஃபார்ம் 27 கொடுத்து, மறுபடி வரி கட்டி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். ஏற்கெனவே பதிவான பழைய டிரெய்லர் வாங்குபவர்களுக்கு அந்த வழிதான். கூடவே பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்கியே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு.

மூன்றாவது, இன்வாய்ஸில் இருக்கும் முகவரி. முகவரிச் சான்றில் உள்ளதைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் பலருடைய ஆதாரில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கிறது. ராணிப்பேட்டைக்கு டிஎன் 73, வேலூருக்கு டிஎன் 23. எந்த அலுவலகம் என்று முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற சான்றைப் பில் போடும்போதே கொடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

கிளம்பும் முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும். எம்12 ஸ்டட், இரும்பு ரிம் என்றால் 100 முதல் 110 நியூட்டன் மீட்டர். புது ரிம்மின் பெயின்ட் நசுங்கி உட்காரும்போது நட்டு தளரும். அதனால் ஓசூரில் ஒருமுறை, கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்தி மறுபடி டார்க் வைக்க வேண்டும். அதே இடத்தில் ஹப்பின் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) மேல் கை வைத்துப் பார்த்துவிடலாம். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம், இல்லையேல் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்புச் சங்கிலிகளை இழுகம்பிக்குக் கீழே குறுக்காகப் போட வேண்டும். கப்ளர் கழன்றால் முனை தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். பால் அளவையும் பார்க்கவும்: 50 மி.மீ. பாலும் இரண்டங்குல பாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், வித்தியாசம் 0.8 மி.மீ.தான். 50 கப்ளர் இரண்டங்குல பாலில் முழுதாக இறங்காது. இரண்டங்குலக் கப்ளர் 50 பாலில் கடகடவென்று ஆடும். அளவு பாலின் தலையிலேயே பொறித்திருக்கும்.

சுங்கச்சாவடிகளில் சென்சார் அச்சைக் கணக்கெடுப்பதால் காரின் ஃபாஸ்டேக்கில் கூடுதல் தொகை பிடிக்க வாய்ப்பு உண்டு. பள்ளிகொண்டா தாண்டியதும் குறுஞ்செய்தியைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆர்டிஓ அலுவலகம்

ஃபார்ம் 20 விண்ணப்பம், ஃபார்ம் 21 விற்பனைச் சான்று, ஃபார்ம் 22, இன்வாய்ஸ், தற்காலிகப் பதிவு, டிரெய்லர் பெயரிலேயே எடுத்த இன்சூரன்ஸ், பான், முகவரிச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் தேய்ப்பு. கடன் இருந்தால் வங்கியின் ஒப்பம். என்ஜின் கிடையாது, ஆகவே புகைச் சான்றும் கிடையாது.

சிக்கல் வரும் இடம் வாகன வகுப்பு. நம்ம பக்கம் அலுவலகங்களுக்கு வரும் டிரெய்லர் எல்லாம் டிராக்டர் பெட்டியும் லாரி டிரெய்லரும்தான். அதனால் கை தானாக 'டிரெய்லர் – கமர்ஷியல்' பக்கம் போகும். மத்திய அரசு 2004 நவம்பர் 5 அன்று வெளியிட்ட வாகன வகைப்பாட்டு அறிவிக்கையில், நான்-டிரான்ஸ்போர்ட் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், டிரெய்லர் தனி வரியாகவே இருக்கிறது. வாஹனிலும் கேம்பர் வேன் / டிரெய்லர் என்று இரண்டு வகுப்பு உண்டு. 'பிரைவேட் யூஸ்' என்று முடிவதுதான் நமக்கு வேண்டியது. அறிவிக்கையின் பிரதி ஒன்றை ஃபைலில் மேலாக வைத்துக் கொடுத்தால் பேச்சு பாதியாகக் குறையும். வகுப்பு மாறி ஏறிவிட்டால் மஞ்சள் பலகை, எஃப்சி (தகுதிச் சான்று), டிரான்ஸ்போர்ட் வரி எல்லாம் கூடவே வரும். சரியாக ஏறினால் வெள்ளைப் பலகை, 15 வருடப் பதிவு.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கும்போது சேஸிஸ் எண் எங்கே அடித்திருக்கிறது என்று உடனே காட்டத் தெரிய வேண்டும். பெரும்பாலும் வலது பக்க இழுகம்பியில் இருக்கும், சில சமயம் பவுடர் கோட்டிங் மூடியிருக்கும். தின்னர் துணியால் துடைத்து, சாக்பீஸ் தேய்த்து வைத்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். ரிஃப்ளெக்டர் டேப் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அகலம் 2.6 மீட்டருக்குள். கூடாரத்தின் மடிப்புப் பை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து அளந்து பார்த்துக்கொள்ளவும்.

நம்பர் பிளேட்டில் பலர் குழம்புகிறார்கள். 61ஆம் பிரிவின்படி டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்னால் தெரிய வேண்டியது இழுக்கும் காரின் எண். இரண்டு கார்களில் மாற்றி மாற்றி இழுப்பவர்கள் பின்னால் பிளேட்டை மாற்றிக்கொள்ளும்படி ஒரு ஃபிரேம் வைத்துக்கொள்ள வேண்டும். காரின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் டிரெய்லர் இழுப்பதை எழுத்தில் தெரிவித்துவிடவும்.

வயரிங்: பகலில் சரி, ராத்திரியில் தப்பு

ஏழு பின் பிளக்கில் இரண்டு முறைகள் புழங்குகின்றன: ஐரோப்பிய முறை, ஆஸ்திரேலிய முறை. கேம்பர் டிரெய்லர் டிசைன் பலதும் ஆஸ்திரேலிய வழி வந்தவை. இங்கே காருக்கு ஹிட்ச் மாட்டுபவர்கள் ஐரோப்பிய முறையில் இணைக்கிறார்கள். 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 6 பிரேக் லைட். இவை இரண்டிலும் ஒன்றே. 7ஆவது பின் ஐரோப்பிய முறையில் இடது டெய்ல், ஆஸ்திரேலிய முறையில் எல்லா டெய்லும். அதனால் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரியும், சோதனையில் பாஸ் ஆகிவிடும்.

வில்லங்கம் 5இல் இருக்கிறது. காரில் அது வலது டெய்ல். டிரெய்லரில் அது மின்சார பிரேக். ஹெட்லைட் போட்டவுடன் 12 வோல்ட் நேராக பிரேக் மேக்னட்டுக்குப் போகும். பகலில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் வண்டி இழுக்காது, டிரம் கருகும் வாடை வரும், இல்லையென்றால் காரின் டெய்ல் ஃபியூஸ் போகும். கண்டுபிடிக்க எளிய வழி: டிரெய்லரின் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, காரில் பார்க்கிங் லைட்டைப் போடச் சொல்ல வேண்டும். சக்கரம் சட்டென்று நின்றால் இதுதான் கோளாறு. இந்த வண்டியில் நின்றது. கார் பக்க சாக்கெட்டில் 5இல் இருந்த பழுப்பு வயரைக் கழற்றி இன்சுலேட் செய்துவிட்டு, பிரேக் கன்ட்ரோலரின் (காரிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கருவி) அவுட்புட்டை அங்கே கொடுத்ததும் தீர்ந்தது. 2ஆவது பின்னும் மாறும்: காரில் ஃபாக் லைட், டிரெய்லரில் ரிவர்ஸ். ஆபத்து இல்லை, ஆனால் மாற்றிவிடலாம்.

ஹப்

புது வண்டிதானே என்று விடக்கூடாது. டஸ்ட் கேப்பைக் கழற்றிப் பார்த்ததில் வெளிப் பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருந்தது. உள் பேரிங்கின் உருளைகளுக்கு நடுவில் மெல்லிய பூச்சு மட்டுமே. பேரிங்கை டீசலில் கழுவி, காயவிட்டு, உள்ளங்கையில் கிரீஸ் வைத்துக் கூண்டின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் புழு புழுவாக வரும்வரை அடைக்க வேண்டும். ஏபி3 கிரீஸ் போதும். நட்டை ஹப் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி இறுக்கி, அடுத்த ஸ்பிளிட் பின் ஓட்டைக்கு நிறுத்த வேண்டும். கையில் கிரீஸோடு பிரேக் ஷூவைத் தொடக்கூடாது. கழற்றும்போதே பேரிங் எண்ணையும் ஆயில் சீல் எண்ணையும் எழுதி, ஒரு செட் வாங்கி டிரெய்லரிலேயே போட்டுவைக்கவும். ஜமுனாமரத்தூரில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எடை

எடை மேடைக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. ஆரணி அரிசி ஆலைப் பக்கமும் சிப்காட் பக்கமும் வரிசையாக உண்டு. டிரெய்லரை மட்டும் கழற்றி நிறுத்தி எடை போட்டதில் 860 கிலோ. தாளில் 820. பின்னால் சேர்த்த வெயில் பந்தலும் ஸ்டெப்னி தாங்கியும்தான் அந்த 40. ஆக, மிச்சம் 340 கிலோ.

அதில் தண்ணீர் 80, படுக்கையும் சமையல் சாமானும் 45, ஃபிரிட்ஜ் நிரம்பியது 30, கேஸும் அடுப்பும் 20, ஜெர்ரிகேன் 20, மேசை நாற்காலி 20, கருவிகள் 15, லித்தியம் பேட்டரி 12, பேனல் 12, வயரும் சார்ஜரும் 8. கூட்டினால் 262, வண்டியோடு மொத்தம் 1,122. அனுமதித்த 1,200க்கு இன்னும் 78 இருப்பு. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி இரண்டைப் போட்டிருந்தால் அந்த இருப்பு அங்கேயே கரைந்திருக்கும்.

கப்ளர் மேல் இறங்கும் எடையை வீட்டுக் குளியலறைத் தராசிலேயே பார்க்கலாம். சமதரை, ஜாக்கி சக்கரத்துக்குப் பதில் ஒரு மரக்கட்டை, அதன் கீழே தராசு. மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வேண்டும். குறைந்தால் 80 கி.மீ. வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். முதலில் 78 கிலோ காட்டியது, விளிம்பில்தான். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருப்பதால் நிரம்ப நிரம்ப மூக்கு லேசாகிறது. ஃபிரிட்ஜைப் பின்பக்கத்திலிருந்து முன்பெட்டிக்கு மாற்றியதும் 96 ஆனது. இழுகம்பியின் முனையிலிருந்து அச்சுவரை 2.6 மீட்டர், ஃபிரிட்ஜ் நகர்ந்தது 1.6 மீட்டர்: 30 × 1.6 ÷ 2.6 = 18. கணக்கும் தராசும் ஒத்துப்போயின.

கரண்ட், வெயில்

ஃபிரிட்ஜ் 45 வாட். அக்னி நட்சத்திரத்தில் கம்ப்ரசர் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடும், நாளைக்கு 700 வாட்-மணி. விளக்கு, ஃபேன், செல்போன் 200. பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, அதாவது 1,280. பேனல் 200 வாட் என்று எழுதியிருப்பது 25 டிகிரியில். மே மாதம் வேலூரில் பேனலின் தோல் 65ஐத் தொடும், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் போய்விடும். கூரையோடு ஒட்டாமல் அடியில் காற்று போக ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் கொஞ்சம் மீளும். லித்தியம் செல்கள் பலவற்றுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. முன்பக்க இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும், எனவே பேட்டரியை உள்ளே கட்டில் அடியில் வைப்பதே சரி.

காரிலிருந்து சார்ஜ் செய்ய, வரும் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். புது கார்களின் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். போகவர 12 மீட்டர் வயர், 20 ஆம்பியர்: 6 சதுர மி.மீ. போட்டால் 0.7 வோல்ட் இழப்பு, 16 போட்டால் 0.26. இரு முனையிலும் ஃபியூஸ்.

கேஸுக்கு 5 கிலோ உருளை, வெளியே திறக்கும் தனிப் பெட்டி. எல்பிஜி காற்றைவிடக் கனம், ஆகவே ஓட்டை பெட்டியின் அடியில் இருக்க வேண்டும்.

கேன்வாஸ்

புதுக் கேன்வாஸ் முதல் மழையில் தையல் வழியே ஒழுகும். துணியில் குறையில்லை, ஊசி போட்ட ஓட்டையை நூல் இன்னும் ஊறி அடைக்கவில்லை. கூடாரத்தை விரித்து, ஓஸ் பைப்பால் நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். மூன்று முறை போதும். சோப்புத் தூள் கூடவே கூடாது. போர் தண்ணியில் நனைத்தால் உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும், காவிரித் தண்ணி வரும் நாளில் செய்யலாம். பாலாற்றங்கரை போர் தண்ணியைக் குடிநீர்த் தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். பம்ப்பின் வடிகட்டி ஒரே சீசனில் அடைத்துக்கொள்ளும்.

ஜிப், பிவிசி மடிப்பு கிழிந்தால் ஆம்பூர் போகலாம். ஷூ அப்பர் தைக்கும் வாக்கிங் ஃபுட் மெஷினில் பத்தாம் நம்பர் ஜிப்பைச் சுருங்காமல் தைத்துத் தருவார்கள். சாதாரண டெய்லர் மெஷின் மேல் துணியை மட்டும் இழுக்கும், தையல் சுருங்கி அங்கேயே ஒழுகும்.

பிரேக் பழக்குவது, ஏலகிரி

புது ஷூ டிரம்மோடு ஒட்டிப் பழகும்வரை பாதிதான் பிடிக்கும். கூட்டமில்லாத நேரம் பார்த்து, 60இலிருந்து 30க்கு, கன்ட்ரோலரின் கைப்பொத்தானால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு இருபது முப்பது தடவை இறக்க வேண்டும், நடுநடுவே ஆறவிட்டு. பிறகு கெயினை (கன்ட்ரோலரில் பிரேக் பிடிக்கும் வலுவின் அளவு), சக்கரம் லாக் ஆகும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தவும். பாரம் மாறினால் கெயினும் மாறும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லர் உள்வளைவை வெட்டிக்கொண்டு வரும். ஏறும்போது அகலமாக எடுத்தால் சரி, எதிரே பஸ் இருந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். நடுவில் மாட்டினால் ரிவர்ஸ் எடுக்க இடமில்லை. இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்தபடியே வராமல் மிதித்து விட்டு, மிதித்து விட்டு. அடிவாரத்தில் ஹப் இரண்டையும் தொட்டுப் பார்த்ததில் இடது பக்கம் அதிகச் சூடு. ஷூ இடைவெளி இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பின்தட்டின் ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்டார் வீலை (ஷூ இடைவெளியை மாற்றும் பல்சக்கரம்) ஷூ உரசும்வரை இறுக்கி, உரசல் லேசாகக் கேட்கும்வரை பல் பல்லாகத் திரும்பத் தளர்த்தியதும் சமமானது. அடுத்த 300 கி.மீ.க்குள் இதை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.