கிராண்டில் இல்லாத பெயர்கள்

நில அலுவலகத்தில் காசு கட்டி எடுத்த தேடல் தாளை இரண்டு முறை படித்தேன். எங்கள் குடும்பத்தின் பெயர் எங்குமே இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுன் கிங் ஸ்திரீட்டில், பழைய ஆட்கள் படகுக்காரத் தெரு என்று சொல்லும் பகுதியில், தாத்தா யுத்தத்துக்கு முன்பே குடிவந்த கடைவீடு அது. அப்பா அங்கேதான் பிறந்தார், நானும் அங்கேதான் பிறந்தேன். தாளில் இருந்ததோ ஒரு சீனக் குடும்பத்தின் பெயர். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. காப்பிக் கடையில் போய் உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. நாங்கள் என்றைக்கு வீட்டுக்காரர்களாக இருந்தோம்? அறுபது வருடமும் வாடகைதானே கொடுத்தோம்.

அந்தத் தெருவிலும் பக்கத்துக் குயின் ஸ்திரீட்டிலும் வளர்ந்தவர்கள் ஏழு பேர் சேர்ந்து, வீடு வாரியாகக் குடும்பக் கதைகளைச் சேர்க்கக் கிளம்பியிருந்தோம். சங்கமாகப் பதிய வேண்டுமென்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அதனால்தான் ஏழு. சட்டவிதிகளை மலாயில் எழுத ஒரு வாரம் ஆனது. சங்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை போட நான்கு மாதம் ஆனது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

முதலில் எல்லோரும் சொன்ன யோசனை கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, தேடுவது. வீட்டின் வரலாறு என்றால் கிராண்டு என்றுதானே நினைப்போம். ஆனால் எங்கள் ஆட்கள் இருந்த கடைவீடுகளில் ஒருவர் தலைக் குடித்தனமாக இருப்பார். அவர் மாடியைப் பலகையால் தடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஐந்து குடும்பம். வாடகை ரசீது தலைக் குடித்தனத்தின் பெயரில் மட்டும் வரும். மற்ற நான்கு குடும்பமும் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைப் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் துறைமுக வேலைக்காரனும், கடைச் சிப்பந்தியும் ஊரின் நடுவில் குடியிருக்க முடிந்தது. அந்தச் சட்டத்தை 1997இல் ரத்து செய்தார்கள். கொடுத்த அவகாசம் 1999 கடைசியோடு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை எகிறியது, தெருவே லோரி ஏறியது. நாங்கள் பட்டர்வொர்த்துக்குப் போனோம், சிலர் ஆயர் ஈத்தாம், சிலர் பாயான் பாரு. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமை நகரமாக அறிவித்தபோது கட்டடங்கள் இருந்தன, அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் இல்லை. இதைச் சொன்னால் மரபுடைமைக் கூட்டங்களில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, குடித்தனக்காரனின் பெயர் எங்கே இருக்கும்? எங்களுக்கு விடை கொடுத்தது கல்யாணப் பத்திரிகை. ‘எங்கள் இல்லத்தில்’ என்று போட்டு, கதவு எண்ணோடு தெருவையும் அச்சடித்திருப்பார்கள். தேதி இருக்கும், இரண்டு பக்கத்து உறவும் வரிசையாக இருக்கும், இந்தியாவில் எந்தக் கிராமம் என்பதும் இருக்கும். அடுத்தது மரண அறிவிப்பு. ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கி 2019 வரை வந்த பத்திரிகை. அதிலிருந்து வெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்த துண்டுகள் நிறைய வீடுகளில் கிடைத்தன. கோயில் உபய ரசீது, கம்யூனிஸ்டுகளை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில் 1948இல் கொடுக்கத் தொடங்கிய அடையாள அட்டை எல்லாம் அதற்கப்புறம்.

பெயர்களை ஒட்ட வைப்பதுதான் பெரிய தலைவலி. தாத்தாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அந்த ஒரு எழுத்தை அலுவலகக் கிராணி (எழுத்தர்) ஒருவர் எல் என்று எழுதியிருக்கிறார், ஒருவர் ஆர் என்று, இன்னொருவர் இசட் என்று. மூன்று தாள், மூன்று ஆள். அவருடைய அப்பா பெயரை வைத்துத்தான் எல்லாம் ஒரே மனிதர் என்று உறுதி செய்தோம். அதிலிருந்து நாங்கள் வீடு வீடாக நிரப்பும் படிவத்தில் முதல் வரியே, வீட்டார் வாயால் சொல்லும் பெயர், தமிழில். அலுவலக எழுத்துக்கூட்டல் அதற்குக் கீழே, எத்தனை இருந்தாலும் அத்தனையும்.

படங்களில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் தாள் மூடிய பசை ஆல்பத்திலிருந்து பாட்டியின் படத்தைக் கத்தியால் கிளப்பப் போய், சேலைத் தலைப்பு ஒட்டிக்கொண்டே நின்றுவிட்டது. பிறகு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பல் இடுக்கில் விடும் நூலை, மெழுகு இல்லாததாகப் பார்த்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம் மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் விட்டுவிட்டு ஆல்பத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும். லேமினேட் செய்யவே கூடாது. பின்பக்கம் பென்சிலால் மட்டும் எழுதலாம். அசல் எதையும் நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் வீட்டுக்குப் போகிறோம்.

இத்தனை தாளும் சொல்லாததை என் அத்தை சொன்னார். யுத்தம் முடிந்த சமயம் ஒரு சீனக் குடும்பம் பெண் குழந்தையைக் கொடுக்க, பாட்டி வாங்கி வளர்த்தார். அந்தக் குழந்தைதான் அத்தை. தோட்டங்களிலும் பட்டணத்திலும் அப்படி வளர்ந்தவர்கள் பலர் உண்டு. மூக்குத்தியும் புடவையுமாக, எங்களில் யாரையும்விடச் சுத்தமான தமிழில் திட்டுவார்.

எங்கள் பழைய வீடு இப்போது சின்ன ஹோட்டல். நிர்வாகி நல்ல மனிதர், அறை காலியாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாடியைப் பார்க்க விட்டார். தடுப்புகள் எல்லாம் போய் ஒரே கூடமாகக் கிடந்தது. அத்தை சுற்றுமுற்றும் பார்க்கவே இல்லை, குனிந்து தரையைத்தான் பார்த்தார். பலகையில் வரிசையாக ஆணித் துளைகள். தடுப்புப் பலகையை அடித்த இடம். துளைகளின் ஒரு பக்கம் பலகை கறுத்து வழுவழுவென்று, மறுபக்கம் சொரசொரப்பாக.

“இது நடை. இங்க கால் படும். அந்தப் பக்கம் பாய் போட்ட எடம்லா, தேயாது.”

துளைகளின் மேலேயே மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டு போனோம். அரை மணி நேரத்தில் ஐந்து அறையும் தரையில் எழும்பி நின்றன. எங்கள் அறை ஒன்பதுக்கு எட்டு அடி. அதில் ஏழு பேர் படுத்தோம் என்றால் என் மகள் நம்பவில்லை. அத்தை ஒவ்வொரு கட்டத்திலும் நின்று ஆட்களைச் சொன்னார், நான் எழுதினேன். மூன்றாவது அறைக்காரரின் கதையில் ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வந்ததும், “அத நிப்பாட்டு” என்று கைபேசியைக் காட்டினார். நிறுத்தினேன். எழுதவும் இல்லை. அவர்களின் பிள்ளைகள் சம்மதித்தால் பார்க்கலாம். வரலாறு முழுமையாக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கு இன்னும் கோபம்.

கடைசிக் கட்டம் படிக்கட்டை ஒட்டிய மூலை, ஓர் ஆள் கால் நீட்டினால் முடிந்தது.

“இவரு கப்பல்ல மூட்டை தூக்குறவரு. பேரு தெரியாது. யாரும் கேட்டதில்ல. சம்பளத்தன்னிக்கு எனக்கு மட்டும் கச்சாங் பூத்தே, அந்த வறுத்த கடல, வாங்கியாருவாரு. ஏன் எனக்கு மட்டும்னு தெரியல.”

பிறப்புப் பத்திரம், பத்திரிகை, ரசீது எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கோப்பில் ஐந்தாவது அறைக்கு நேரே ‘கச்சாங் வாங்கித் தந்தவர், 1950களில்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.