கடைசி 64 பூஜ்யங்கள்

மார்ச் 3, 2025, திங்கள்

பத்து லட்சம் எண்களை இரட்டிப்பாக்கும் கெர்னல், அதாவது கிராஃபிக்ஸ் கார்டில் (ஜிபியு) ஓடும் சிறு நிரல். இதைவிடச் சுலபமான வேலை கிடையாது, இதிலேயே சறுக்கினேன். ஆளுக்கொரு எண்ணை எடுத்து வேலை செய்யும் இழைதான் திரெட், திரெட்களின் குழு பிளாக். பிளாக்குக்கு 256 திரெட். 10,00,000-ஐ 256-ஆல் வகுத்து பிளாக் எண்ணிக்கையைக் கொடுத்தேன். முதல் நூறு விடைகள் சரி. கூட்டுத்தொகைதான் இடித்தது. வால்பக்கம் போய்ப் பார்த்தால் கடைசி 64 இடங்களில் பூஜ்யம். முழு எண் வகுத்தலில் 3906.25 என்பது 3906 ஆகி, வேலை 9,99,936-இலேயே நின்றிருக்கிறது. வகுக்கும் முன் 255-ஐக் கூட்டினால் 3907 வருகிறது. இப்போது 192 திரெட்கள் உபரி. அவை எல்லை தாண்டி எழுதாதிருக்க ஒரு நிபந்தனை போட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

பேராசை. 256-ஐ 1200 ஆக்கினேன். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. ஒரு நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். விடை முழுவதும் பூஜ்யம். ஒரு பிளாக்கில் 1024 திரெட்டுக்கு மேல் கூடாது, கெர்னல் ஓடவே இல்லை. ஏவிய பிறகு பிழைக் குறியீட்டை நாமாகக் கேட்டால்தான் கூடா (CUDA, என்விடியா கார்டுகளுக்கு நிரல் எழுதும் தளம்) வாய் திறக்கும்.

மார்ச் 6, வியாழன்

பிளாக்குக்கு 100 வைத்துப் பார்த்தேன். திரெட்கள் 32 பேர் கொண்ட ‘வார்ப்’ (warp) என்ற அணியாகவே நடக்கின்றன. 100 பேருக்கு நான்கு வார்ப், அதில் 28 இடம் காலி. இனி 32-இன் மடங்குதான்.

மார்ச் 10, திங்கள்

இன்று நிஜமான கெர்னல். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் அறிக்கைப்படி திரெட்டுக்கு 72 ரிஜிஸ்டர் (கணக்கிடும்போது மதிப்புகளை வைக்கும் அதிவேக இடம்). ஏ100 கார்டின் ஒவ்வொரு எஸ்.எம்.மிலும் (பிளாக்குகளை ஓட்டும் கணிப்பு அலகு) இருப்பவை 65,536. பிளாக்குக்கு 1024 திரெட் என்றால் 73,728 வேண்டும், ஏவ மறுத்துவிட்டது. 256 என்றால் மூன்று பிளாக் கொள்ளும், அதாவது 768 திரெட். 128 என்றால் ஏழு பிளாக், 896 திரெட். பிளாக்கைச் சிறிதாக்கியதும் கூட்டம் அதிகமாகிறது! சின்னப் பெட்டிகளால் அடுக்கினால் மூலையில் வீணாகும் இடம் குறையுமல்லவா, அதே கணக்கு.

மார்ச் 11, செவ்வாய்

எஸ்.எம்.முக்கு உச்சவரம்பு 2048 திரெட். அதை எட்டியே தீருவது என்று ரிஜிஸ்டரை 32-க்குள் அடக்கச் சொன்னேன். எட்டியது, ஆனால் நேரம் நேற்றைவிட அதிகம். ரிஜிஸ்டரில் இடமில்லாத மதிப்புகள் நினைவகத்துக்கும் திரும்பவும் அலைகின்றன. ஆக்குபன்சி (எஸ்.எம். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற) சதவீதத்தைத் துரத்தி ஒரு பகல் போயிற்று. 72-க்கே திரும்பிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கார்டில் 108 எஸ்.எம்., ஒவ்வொன்றிலும் ஏழு பிளாக்: ஒரே நேரத்தில் 756. அவ்வளவு மட்டும் ஏவி, ஒவ்வொரு திரெட்டும் 96,768 இடம் தள்ளித் தள்ளி அடுத்த எண்ணை எடுக்கும்படி லூப் எழுதினேன். கூட்டுத்தொகை பொருந்தியது. இருந்தாலும் வால்பக்கத்தைத் திறந்து கடைசி 64-ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.